மின்னல்தின்னிக்கு ஆரஞ்சு ஏது?

இவரை உங்களுக்குத் தெரியும். பெயர் மறந்திருக்கலாம், முகம்கூட மறந்திருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை மறந்திருக்க மாட்டீர்கள். "எல்லாம் சரி, ஆனா இயற்கையா இல்லையே!" பேய்க்கதை சொன்னால், பேய் சுவருக்குள் நுழைந்ததையும் கூரை வழியாக வெளியேறியதையும் வாய் பிளந்து கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும், அவ்வளவு மழையில அந்தப் பேயோட சேலை எப்படி நனையாம இருந்துச்சு?" என்று கேட்பவர் இவர்தான். சினிமாவில் கதாநாயகன் ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்தும்போது கைதட்டுவார். ரயில் நின்ற பிறகு, அவன் சட்டை கசங்கவில்லையே என்று பக்கத்து நாற்காலிக்காரரின் விலாவில் இடிப்பார். யானை சிரமமில்லாமல் உள்ளே போய்விடும், வால்தான் வாசலில் மாட்டிக்கொள்ளும். இப்படி ஒருவர் உங்கள் தெருவில் இல்லையா? இல்லையென்றால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த இனத்தில் ஓர் அருமையான பிரதியைப் பக்கத்து மேசையிலிருந்து ஆறு வருஷம் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்கள் செய்யும் நிறுவனம் எங்களுடையது. உலகத்தில் இல்லாத மிருகங்களுக்குக் கதை எழுதுவது என் வேலை. நான் எழுதுவேன், படக்காரர் கோடு போடுவார், பரண்மேல் இருக்கும் அக்கா வண்ணம் தீட்டுவார். அதன் பிறகு அந்த மிருகம் கீழே இறங்கி வந்து ஒருவர் மேசையில் காத்துக்கிடக்கும். அவர்தான் நிறப் பரிசோதகர். நாங்கள் வைத்த பெயர் இயற்கை சார்.

அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்தது. மழை பெய்தால் இன்றைக்கும் ரப்பர் வாசனை வரும். உயரமான கூரை, பாதி உயரத்தில் ஒரு மரப் பரண், பரணில் பெரிய ஜன்னல். வண்ணத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் அக்காவின் மேசை அங்கே. அதற்கு நேர் கீழே இயற்கை சாரின் மேசை. ஆகவே அக்கா தூரிகையைக் கழுவும்போதும், யோசிக்கும்போதும், கொட்டாவி விடும்போதும் கண்ணில் படுவது சாரின் உச்சந்தலை. இந்த விவரத்தை ஒரு மூலையில் போட்டு வையுங்கள், பின்னால் எடுத்துக்கொள்ளலாம்.

சார் உடுத்துவது சாம்பல் சட்டை, சாம்பலுக்கும் பழுப்புக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் கால்சட்டை. கார் வாங்கும்போதே புழுதி நிறத்தில் வாங்கினார், கழுவ வேண்டியதில்லை என்று. மேசைமேல் ஒரு கூழாங்கல் இருக்கும். "இதுல ஒரு குறை சொல்லு பார்ப்போம்" என்பார். யாராலும் முடிந்ததில்லை.

அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான் ஆதாரத் தாள். ஒரு தாளை இரண்டாக மடிக்க வேண்டும். இடப்பக்கம் நம் மிருகத்தின் நிறத்தையும் புள்ளியையும் கோட்டையும் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். வலப்பக்கம் அதே நிறம், அதே புள்ளி, அதே கோடு உள்ள நிஜ உயிர் ஒன்றின் புகைப்படத்தைச் சாட்சியாக ஒட்ட வேண்டும். பிறகு சார் மூன்று கேள்வி கேட்பார். "இது எங்க ஒளிஞ்சுக்கும்? யாருக்குப் பயப்படும்? யாரைப் பயமுறுத்தும்?" மூன்றுக்கும் பதில் இருந்தால் கையெழுத்து.

நான் ஒன்றும் அநியாயக்காரன் இல்லை. இதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதுகு கறுத்து வயிறு வெளுத்திருந்தால் மிருகம் மிருகமாகத் தெரியும். வரி என்றால் உடம்பின் வளைவோடு வளைய வேண்டும், கோணிப்பையில் அச்சடித்த மாதிரி நேராக நிற்கக் கூடாது. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சார்தான். கற்றுக்கொடுத்த இடத்தில் நின்றிருந்தால் அவருக்கு நாங்கள் மாலை போட்டிருப்போம். நின்றாரா?

எந்த நிறத்துக்கும் சாட்சி போதாது என்று அடித்து அடித்து, கடைசியில் அவர் மறுக்காத ஒரே நிறமாகப் பழுப்பு எண் மூன்று மிஞ்சியது. கடலடி அரக்கன் பழுப்பு எண் மூன்று. பனிமலைப் பறவை பழுப்பு எண் மூன்று. நிலவில் முட்டையிடும் ஆமை? கேட்கவே வேண்டாம். தொடர்ந்து பதினெட்டு மிருகங்கள் இப்படிப் போயின. ஒரு படத்தில் நல்ல மிருகமும் கெட்ட மிருகமும் நான்கு நிமிஷம் கட்டிப்புரண்டு சண்டை போட்டன. யார் ஜெயித்தது என்று படத்தை எடுத்த எங்களுக்கே தெரியவில்லை. எழுந்து நின்றதை நல்லது என்று வைத்துக்கொண்டோம்.

அக்காவுக்கு வருகிறேன். பதினொரு வருஷமாக அடுத்தவர் கற்பனைக்குப் பின்னால் பாறையும் புல்லும் தீட்டியவர். ஏழு வயது மகள், டீவியில் எங்கள் படம் வரும்போதெல்லாம் கேட்பாளாம், "இதுல எதும்மா நீ போட்டது?" அக்கா திரையில் விரல் வைத்து, "அந்த மிருகத்துக்குப் பின்னாடி ஒரு பாறை தெரியுதுல்ல? அது அம்மா போட்டது" என்பார். அதற்குள் பாறை போய்விடுமாம். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் முதலாளியம்மா ஒருநாள், "இந்தத் தடவை ஒரு மிருகம் தலையிலேர்ந்து வால் வரைக்கும் உங்களோடது" என்று சொல்லிவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் மின்னல்தின்னி. ஆறு கால், நான்கு இறக்கை, மூன்று கண். மேகத்துக்குள் குடியிருந்து மின்னலைப் பிடித்துக் கடித்துத் தின்னும். வால் சீட்டியடிக்கும். உடம்பு கறுப்பு, கொஞ்சம் ஊதா ஓடுகிற கறுப்பு. விலாவில் ஆரஞ்சுத் திட்டுகள், அவை ஓரத்தில் வெளிறி வெள்ளையில் போய் முடியும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் குஞ்சு யார் பார்த்தாலும் பொன்குஞ்சுதான். சேனலுக்கு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். கையெழுத்து ஆகாவிட்டால் விதிப்படி அதுவும் பழுப்பு எண் மூன்றாகப் போய்விடும்.

திங்கட்கிழமை கூட்டம். சார் மின்னல்தின்னியை எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார்.

"ஆறு கால், சரி. மின்னல் சாப்பிடுது, சாப்பிடட்டும், பசிக்கும்ல. வால் சீட்டியடிக்குது, நல்லது. இந்த ஆரஞ்சு ஏது?"

"சார், மின்னலைத் தின்னா உள்ள நெருப்பு இருக்கும். அது வெளியில தெரியுது" என்றார் அக்கா.

"உள்ள இருக்கிறது எப்படிம்மா வெளியில தெரியும்? நான் காலையில சாப்பிட்டது என் சட்டையில தெரியுதா?"

தெரிந்தது. பையிலிருந்து மூன்றாவது பொத்தான் வரைக்கும் தக்காளி.

"மேகத்துல இருக்குதுன்னா மேக நிறத்துல இருக்கணும். ஆரஞ்சா இருந்தா அது எங்க போய் ஒளியும்?"

"அது ஏன் சார் ஒளியணும்? மின்னலையே கடிச்சுத் தின்னுது. அது யாருக்குப் பயப்படணும்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயப்படாத மிருகம்னு ஒண்ணு கிடையாதும்மா. சாட்சி கொண்டு வா."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் உண்டு. சாருக்கு முயல் எத்தனை காலோடு வந்தாலும் ஆட்சேபணை இல்லை, சாம்பலாக மட்டும் இருக்க வேண்டும்.

அக்கா ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தேடி ஒரு வாத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். புகைப்படத்தில்தான். தூரதேசத்து வாத்து. சிவப்பு மூக்கு, ஊதா மார்பு, மார்பில் இரண்டு வெள்ளைக் கோடு, முதுகில் பாய் விரித்தது போல இரண்டு ஆரஞ்சு இறகு. மின்னல்தின்னியின் அதே ஆரஞ்சு.

சார் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். "யாரோ சின்னப் பிள்ளைகிட்ட கலர் பென்சிலைக் கொடுத்துட்டுத் தூங்கிட்டாங்க. நேர்ல பார்க்காம ஒத்துக்க மாட்டேன்."

பார்த்துவிடலாமே! ஊரின் பறவைப் பூங்காவில் அந்த வாத்து இருந்தது. புதன்கிழமை கிளம்பினோம். குறிப்பெடுக்க நான். "என்னை ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல, வாத்து பார்க்கவாவது வரேன்" என்று சாரின் வீட்டுக்காரம்மாவும் கூடவே வந்துவிட்டார்.

குளத்தில் அந்த வாத்து மிதந்துகொண்டிருந்தது. படத்தில் இருந்ததைவிட ஆரஞ்சு அதிகம். சார் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வாளியோடு வந்த காப்பாளர், சாரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் 'பரிசோதகர்' என்ற எழுத்தைப் படித்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு யாரு கலர் போட்டது?" என்றார் சார்.

"யாரும் போடல சார். குஞ்சா இருந்தப்போ சாதாரணமாத்தான் இருந்துச்சு. வளர வளர இப்படி ஆயிடுச்சு."

"ஆரம்பத்துலயே கண்டிச்சிருக்கணும். கழுவிப் பார்த்தீங்களா?"

"நாள் பூரா தண்ணியிலதான் சார் இருக்கு."

"அப்ப தண்ணியை மாத்துங்க."

அப்போது புதர் மறைவிலிருந்து இன்னொரு வாத்து வந்தது. சாம்பல் உடம்பு, கொஞ்சம் பழுப்பு, கண்ணைச் சுற்றி அடக்கமாக ஒரு வெள்ளைக் கோடு. சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "இதோ! இதுதான் வாத்து! இதைத்தானே நான் இத்தனை நாளா சொல்றேன்!"

"அது பொண்ணு சார். இது அதோட வீட்டுக்காரர்" என்றார் காப்பாளர்.

அதுவரை பேசாமல் இருந்த வீட்டுக்காரம்மா பேசினார். "பாருங்க, பெண்டாட்டி பார்க்கணும்னு எப்படி உடுத்திக்கிட்டு நிக்குது. நீங்க நம்ம கல்யாணத்துக்கே சிமெண்ட் கலர்ல கோட்டு போட்டுக்கிட்டு வந்தீங்க. போட்டோவுல சுவர் எது நீங்க எதுன்னு இன்னிக்கும் தெரியல."

"அதுதான் மறைநிறம். இத்தனை வருஷத்துல எந்த மிருகமாவது என்னைத் தாக்கியிருக்கா?"

"நான் தாக்கியிருக்கணும்" என்றார் அந்த அம்மா, வாத்தைப் பார்த்தபடியே.

வெளியே வரும் வழியில் பார்வையாளர் கருத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. முந்தைய பக்கத்தில் யாரோ கழிவறைக் கதவைப் பற்றி எழுதியிருந்தார்கள். சார் புதுப் பக்கம் திருப்பி எழுதினார்: 'ஆண் வாத்து: ஆரஞ்சு நாற்பது சதவீதம் குறைக்கவும். மார்பில் ஊதா தேவையில்லை. வெள்ளைக் கோடு ஒன்று போதும். பெண் வாத்து: அனுமதிக்கப்பட்டது.' கீழே கையெழுத்து, தேதி. காப்பாளர் அதைப் படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், எத்தனை நாள் டைம் கொடுப்பாங்க?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாட்சியாகப் போன வாத்தே குற்றவாளியாகிவிட்ட செய்தியை வியாழக்கிழமை பரணேறிப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் பழுப்பு எண் மூன்று குப்பியை எடுத்து மூடியைத் திறந்தார். நாற்றமடித்தது போல உடனே மூடினார். எனக்கு அந்த வாத்தின் மீதுகூடக் கோபம் வந்தது, கொஞ்சம் குறைவாக அழகாயிருந்தால்தான் என்ன என்று.

அக்கா பரண் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வெயில் நேராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சார் குனிந்து ஏதோ ஒரு பாறையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "இங்க வந்து பாருங்க. நேர் கீழே."

பார்த்தேன்.

சார் தன் தலைக்குத் தானே சாயம் பூசிக்கொள்கிறவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கண்ணாடி முன்னால். கண்ணாடிக்குத் தெரியும் எல்லை வரை கன்னங்கறுப்பு. கண்ணாடிக்குத் தெரியாத பின்னுச்சியில், தூரிகை எட்டிய இடமெல்லாம் ஊதா ஓடுகிற கறுப்பு. எட்டாத இடத்தில் போன மாதத்துச் சாயம் வெளுத்து ஆரஞ்சு. அதற்கு முந்தின மாதம் எட்டாத இடத்தில் இளம் ஆரஞ்சு. வேருக்கு வேர் வெள்ளை. நட்ட நடுவில் வட்டமாக வெறும் தோல். வெயில் பட்டு எல்லாம் தகதகத்தன. மின்னல்தின்னியின் விலா அப்படியே கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது! ஆறு வருஷமாக அந்தத் தலையைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த ஆரஞ்சு தன் கைக்கு வந்திருக்கிறது என்பது அக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அக்கா போனைக் கம்பிக்கு வெளியே நீட்டி, செங்குத்தாக ஒரு படம் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. முதலாளியம்மா, படக்காரர், அக்கா, நான், சார். அக்கா ஆதாரத் தாளை நீட்டினார். வலப்பக்கம் முழுக்க சாரின் உச்சந்தலை, காதும் கழுத்தும் வராமல் வெட்டி, பெரிதாக்கி ஒட்டியிருந்தது. பார்த்ததும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யப் போன படக்காரர், அரைமணி நேரம் நிமிரவில்லை.

சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். தாளின் ஓரத்திலிருந்து நடு வரை அதை நகர்த்திக்கொண்டே போனார். அவர் கண்டுகொண்டால் அக்காவுக்கு வேலையே போகலாம்.

"அடடா!" என்றார் சார்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"இதைத்தாம்மா கேட்டேன்! இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? பாரு, கறுப்பு ஒரே சீரா இல்ல. ஆரஞ்சு ஒரு இடத்துல தூக்கலா இருக்கு, ஒரு இடத்துல மங்கிப் போகுது, கடைசியில வெள்ளை. மனுஷன் கை பட்டா இப்படி வருமா? சத்தியமா வராது. இது இயற்கையால மட்டும்தான் முடியும்." அவர் குரல் தழுதழுத்தது. "என்ன மிருகம் இது?"

நான் முந்திக்கொண்டேன். "ரொம்ப அபூர்வம் சார். நமக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"எங்க வாழும்?"

"நிழலான இடமா பார்த்து இருக்கும். பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும்."

"எதுக்கு இந்த நிறம்? காரணம் இல்லாம இருக்காதே."

முதலாளியம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "வயசை மறைக்கறதுக்குன்னு சொல்றாங்க சார். மத்த மிருகங்களுக்குத் தெரியக் கூடாதாம்."

"மறையுதா?"

"மறையுதுன்னு அதுக்கு நினைப்பு."

"பாவம்" என்றார் சார், மனசார. பேனாவைத் திறந்தார். 'இயற்கையானது. நம்பத் தகுந்தது. அனுமதி.' எழுதிவிட்டு மறுபடி ஒருமுறை படத்தைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் நெருடுது. நடுவுல இருக்கிற இந்தச் சொட்டை. இவ்வளவு பெரிசா நிஜத்துல இருக்காது. நம்ம மிருகத்துக்கு வரும்போது அதைச் சின்னதாக்கிடுங்க."

"சின்னதாக்கிடறேன் சார்" என்றார் அக்கா. அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது, சிரிப்பினாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. மூன்றே முக்காலுக்கு மின்னல்தின்னி தன் சொந்த நிறத்தோடு கிளம்பிப் போயிற்று.

படம் வந்த அன்று மகள் வழக்கம்போல, "இதுல எதும்மா நீ போட்டது?" என்று கேட்டாளாம். "அது முழுக்க அம்மா போட்டது" என்றாராம் அக்கா. அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, எழுந்து ஓடி, எதிர்வீட்டு ஜன்னலைத் தட்டித் தட்டி அவர்களையும் டீவி போடச் சொன்னாளாம். இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. எனக்குத்தான் தாங்க முடியாத சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்துப் பூங்காக் காப்பாளரிடமிருந்து போன். "சார், நல்ல செய்தி. உங்க சார் எழுதிட்டுப் போன மாதிரியே ஆரஞ்சு இறகெல்லாம் உதிர்ந்து போச்சு. இப்ப அதுவும் பொண்ணு மாதிரியே சாம்பலாத்தான் இருக்கு. மூக்கு மட்டும் கொஞ்சம் சிவப்பு. ஒரு தடவை வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டா நிம்மதியா இருக்கும்." அந்த வாத்து வருஷத்தில் சில மாதம் இறகு உதிர்த்து வேஷம் கலைக்கும், பிறகு மறுபடி முளைக்கும் என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். சார் படிக்கவில்லை. சந்திப்பவர்களிடமெல்லாம், "சொன்னா கேட்டுக்குது. நல்ல வாத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி உங்களிடம் வருகிறேன், ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்ன காரணத்துக்கும். இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஓர் இடத்தில் உங்கள் புருவம் ஏறியது. ஒரு மனிதர் தன் தலையையே அடையாளம் தெரியாமல் கையெழுத்துப் போடுவாரா? வாத்து சொல்பேச்சுக் கேட்ட மாதிரி நிறம் மாறுமா? 'எல்லாம் சரி, ஆனா நம்புற மாதிரி இல்லையே' என்று மெல்ல முனகினீர்கள். கேட்டது.

ஆறு காலோடு மேகத்தில் குடியிருந்து மின்னலைக் கடித்துத் தின்று வாலால் சீட்டியடிக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இயற்கை சார் இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறுகிறார். கீழே அந்த நாற்காலி காலியாகிறது, தகுதியான ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். வாருங்கள். உட்காருவதற்கு முன்னால் மட்டும், பரண்மேல் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.